அறுபது நாள் பதில் வராவிட்டால்

எது மரம் என்பதை டெல்லியில் சட்டமே சொல்லிவிடுகிறது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மொத்த உயரம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. இவ்வளவு இருந்தால் அது மரம். 1994ஆம் ஆண்டு டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி இல்லாமல் அதை வெட்டக் கூடாது. சொந்த வீட்டுத் தோட்டத்தில் நின்றாலும் அதே விதிதான். நம் ஊரில் கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கைப் போத்தை ஊன்றி வைத்தால் அடுத்த வருஷமே இந்த அளவைத் தாண்டிவிடும்.

இதை கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "அஞ்சு சென்டிமீட்டரா? இங்க முப்பது அண்ணா" என்றான். டொராண்டோ நகரத்தின் தனியார் மர விதி அப்படித்தான். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் விட்டம் 30 சென்டிமீட்டர் இருந்தால்தான் நகர நிர்வாகம் உங்கள் வீட்டு மரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். சாலையோர மரங்களுக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஓரங்களுக்கும் மட்டும் அளவே கிடையாது, சின்னக் கன்றையும் தொடக் கூடாது. அவன் வீட்டிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் ஸ்டீல்ஸ் அவெனியூ. அந்தச் சாலைக்குத் தெற்கே டொராண்டோ, வடக்கே மார்க்கம். மார்க்கத்தில் வரம்பு 20 சென்டிமீட்டர். ஆகவே 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு நார்வே மேப்பிள் தெற்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் வெட்டலாம். சாலையைக் கடந்து வடக்குப் பக்கத்து வீட்டில் இருந்தால் விண்ணப்பம், கட்டணம், ஆய்வு எல்லாம் உண்டு. இரண்டு பக்கத்திலும் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். எந்தப் பக்கத்து விதி கடுமையானது என்பது அங்கே கல்யாண வீட்டுப் பேச்சு வரைக்கும் வந்துவிட்டதாம்.

சிங்கப்பூரில் விட்டத்தைப் பார்ப்பதில்லை, சுற்றளவைப் பார்க்கிறார்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் அனுமதி தேவை. ஆனால் இது தீவு முழுவதற்கும் அல்ல. மரப் பாதுகாப்புப் பகுதிகள் என்று 1991இல் அறிவிக்கப்பட்ட இடங்களுக்கும் காலி மனைகளுக்கும்தான். ஒரு மீட்டர் சுற்றளவு என்றால் ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் விட்டம். அதாவது பூமியின் இரண்டு மூலைகளில் இருக்கும் சிங்கப்பூரும் டொராண்டோவும் கிட்டத்தட்ட ஒரே மரத்தைத்தான் பெரிய மரம் என்கின்றன. டெல்லிக்காரர்கள் மட்டும் டேப்பைத் தரையோரமாகப் பிடித்து, கன்று நிலையிலேயே கணக்கெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கர்நாடகத்தில் இன்னொரு வழி. அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில மர வகைகளுக்கு விலக்கு உண்டு. தென்னை, சவுக்கு, தைலமரம், சூபாபுல், சில்வர் ஓக் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குடகில் காபித் தோட்டக்காரர் தன் சில்வர் ஓக்கை வெட்ட அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை. ஆனால் நீலகிரிக்கு வந்துவிட்டால் அதே சில்வர் ஓக் வேறு கதை. தமிழ்நாடு மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட மரமானாலும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. ஒரு மாநில எல்லையில் அதற்கு மதிப்புக் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது.

மும்பைக்காரர்கள் வயதைப் பிடித்துக்கொண்டார்கள். மகாராஷ்டிர நகர்ப்புற மரச் சட்டம் 1975இல் வந்தது. 2021இல் அதைத் திருத்தி, 50 வயதும் அதற்கு மேலும் ஆன மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என்று வகைப்படுத்தினார்கள். ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எவ்வளவோ அத்தனை கன்றுகள் நட வேண்டும். எழுபது வயது மழை மரம் போனால் எழுபது கன்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வயதை யார் சொல்வது? குளிர் நாட்டு மரங்களைப் போல நம் மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. தேக்கு மாதிரி சிலவற்றில்தான் எண்ண முடியும். விழுதூன்றிய ஆலமரத்துக்கு எந்த அடிமரத்தைப் பார்த்து வயது சொல்வீர்கள்? கடைசியில் ஓர் அதிகாரி மரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு எண்ணை எழுதுவார். அந்த எண் 48 ஆகவும் இருக்கலாம், 52 ஆகவும் இருக்கலாம். அந்த நாலு வருஷத்தில்தான் அந்த மரம் பாரம்பரியமா இல்லையா என்பது முடிவாகும்.

இந்த அளவுகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எந்த ஊர் கறார், எந்த ஊர் தளர்வு என்று மதிப்பெண் போடுவது சுலபம். நான் அப்படிப் பார்க்க விரும்பவில்லை. ஒரு மர விதியைக் கையில் கொடுத்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு பிரிவைத்தான்: விண்ணப்பம் போன பிறகு அதிகாரி வாயே திறக்காவிட்டால் என்ன ஆகும்?

டெல்லிச் சட்டத்தின் 9ஆவது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. மர அதிகாரி 60 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதி கொடுத்துவிட்டதாகவே கொள்ளப்படும். ஐந்து சென்டிமீட்டர் கன்றுக்கும் காவல் போட்ட அதே சட்டம்தான் இது. விண்ணப்பதாரர் அலைக்கழிக்கப்படக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ரேஷன் கார்டுக்கு இப்படி ஒரு பிரிவு இருந்தால் நானே மாலை போடுவேன். ரேஷன் கார்டைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்கலாம். மரத்தில் அது நடக்காது. கோப்பை இழுத்தடிக்கும் அதிகாரியைவிட, அறுபதாவது நாள் வரை அதைத் தொடாமல் வைத்திருக்கும் அதிகாரிதான் அங்கே ஆபத்தானவர். அவர் கையெழுத்தே போடவில்லை. எதற்கும் பொறுப்பு ஏற்கவும் வேண்டாம்.

இங்கிலாந்திலும் மௌனத்துக்குச் சம்மதம் என்றே பொருள், ஆனால் அங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பழைய குடியிருப்புப் பகுதியில் நிற்கும் மரம் என்றால், 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் இருந்தால், வெட்டப் போகிறேன் என்று நகராட்சிக்கு ஆறு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். ஆறு வாரத்தில் நகராட்சி எதுவும் செய்யாவிட்டால் வெட்டிக்கொள்ளலாம். தடுக்க நினைத்தால் நகராட்சி வெறுமனே 'கூடாது' என்று கடிதம் எழுத முடியாது. அந்தக் குறிப்பிட்ட மரத்தின் மீது பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணையை அவசரமாக ஒரே நாளில் பிறப்பிக்கலாம், உடனே அமலுக்கும் வந்துவிடும். பிறகு ஆறு மாதத்துக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும். எந்த மரம் முக்கியம் என்பதை யாரோ ஒருவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்கிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அதன் ஓட்டையும் அங்கேதான். யாரும் சொல்லாத மரத்துக்குக் காவலும் இல்லை. 2025 ஏப்ரலில் வட லண்டனின் என்ஃபீல்டில் ஒரு உணவக வாகன நிறுத்தத்தின் ஓரத்தில் நின்ற ஓக் மரத்தை வெட்டினார்கள். ஐந்நூறு வயது வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட மரம். நிலம் நகராட்சியுடையது, உணவகம் குத்தகைக்கு எடுத்திருந்தது. மரம் ஆபத்தாக இருந்தது என்றார்கள் வெட்டியவர்கள். நன்றாகத் துளிர்த்துக்கொண்டிருந்த மரம் என்றது நகராட்சி. அந்த ஓக்கின் மேல் அதுவரை எந்தப் பாதுகாப்பு ஆணையும் இல்லை. வெட்டிய பிறகு, மிச்சம் நின்ற அடிக்கட்டைக்கு ஆணை பிறப்பித்தார்கள்.

ஆரே காலனியில் நடந்தது நேரெதிர். அங்கே யாரும் மௌனமாக இருக்கவில்லை. மும்பை மெட்ரோவின் பணிமனைக்காக 2,185 மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது. 2019 அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை, எதிர்ப்பு மனுக்களை மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று இரவே இயந்திர ரம்பங்கள் உள்ளே போயின. அனுமதி வந்து 15 நாள் காத்திருக்க வேண்டுமே என்று மக்கள் கேட்டார்கள்; அனுமதி செப்டம்பர் 13இலேயே வந்துவிட்டது, 15 நாளும் முடிந்துவிட்டது என்றது மெட்ரோ நிர்வாகம். தசரா விடுமுறையில் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வு கூடி, அக்டோபர் 7, திங்கட்கிழமை, வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. அதற்குள் 2,141 மரங்கள் போயிருந்தன. மிச்சம் நாற்பத்துச் சொச்சம். வெள்ளி இரவுக்கும் திங்கள் காலைக்கும் இடையில் எந்த அலுவலகமும் திறந்திருக்காது என்பது நம் ஊரில் மரம் வெட்டும் எல்லோருக்கும் தெரியும்.

ஆரேயைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த விதிகளை எல்லாம் வீட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறார்கள். ஆனால் நகரத்தில் மொத்தமாக மரம் வெட்டுவது பெரும்பாலும் அரசாங்கம்தான். டெல்லியின் ரிட்ஜ் காட்டில் மருத்துவமனைச் சாலையை அகலப்படுத்த 2024இல் சுமார் 1,100 மரங்களை வெட்டினார்கள். உச்ச நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்தே வெட்டினார்கள். 2025இல் நீதிமன்றம் அதை அவமதிப்பு என்று தீர்ப்பளித்தது. சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம். இதற்கிடையில் 2024 டிசம்பரில், டெல்லியில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்ட மர அதிகாரி அனுமதித்தாலும் சுற்றுச்சூழல் வழக்குகளைக் கவனிக்கும் மத்திய அதிகாரக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கர்நாடகத்திலும் ஐம்பதுக்கு மேல் என்றால் பொது அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். 50 என்று ஒரு கோடு போட்டால், ஒரு சாலையை மூன்று பகுதியாகப் பிரித்து நாற்பது நாற்பதாக விண்ணப்பிக்க யாருக்காவது தோன்றாமலா இருக்கும்?

அப்புறம் பணம். டெல்லியில் ஒரு மரத்துக்கு 57,000 ரூபாய் வைப்புத்தொகை, பத்துக் கன்று நட வேண்டும். இந்த 'ஒன்றுக்குப் பத்து' கணக்கு நாடு முழுக்கப் பரவிவிட்டது. எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல். அறுபது வருஷத்து வேம்பு நிற்கும் தெருவில் கிடைக்கும் நிழலைப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஒரு புறம்போக்கில் நட்ட பத்துக் கன்றுகள் எப்படித் தரும்? தெருவில் பூ விற்கிற அம்மா போய் அங்கே உட்காரவா முடியும்? லண்டனில் குறைந்தபட்சம் மரம் நிற்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள். அடிமரத்தின் பருமன், மரத்தின் நிலை, சுற்றி எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதையெல்லாம் வைத்து விலை போடும் முறை ஒன்று அங்கே இருக்கிறது. அப்படிக் கணக்கிட்டு 2008இல் மேஃபேர் பகுதியின் பெர்க்லி சதுக்கத்தில் ஒரு பிளேன் மரத்துக்கு 7,50,000 பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். டொராண்டோவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கோரல் கேபிள் டிரைவ் என்ற தெருவில் ஒரு வீட்டின் பின்னால் சுமார் 250 வயதுள்ள சிவப்பு ஓக் ஒன்று நிற்கிறது. அதைக் காப்பாற்ற அந்த வீட்டையே நகரம் வாங்க முடிவு செய்தது. அதற்காக 4,30,000 டாலர் நன்கொடையைப் பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். நம் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், தாஜ்மஹாலைச் சுற்றியுள்ள பாதுகாப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அபராதத்தை உறுதி செய்தது. இது நல்ல தொடக்கம்.

சரி, சென்னை?

டெல்லிக்கும் மும்பைக்கும் பெங்களூருவுக்கும் இருப்பதுபோல நகர மரங்களுக்கென்று தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் இல்லை. அரசு நிலத்தில், சாலையோரத்தில் நிற்கும் மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. ஆட்சியர்தான் தலைவர், வனத்துறை அதிகாரியும் அதில் இருப்பார். சாலை விரிவாக்கம், மின்கம்பம், கால்வாய் என்று எதற்காக மரத்தை எடுப்பதானாலும் அந்தக் குழுவின் முன்னால் போக வேண்டும். அங்கேயும் ஒன்றுக்குப் பத்து கணக்குதான். பட்டா நிலத்தில் சந்தனம் இருந்தால் வனத்துறை வரும். மலைப் பகுதிக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம். இவை போக, சமவெளியில் உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் வேம்பு, மா, புங்கை, அரசு எல்லாம் உங்கள் இஷ்டம். குன்னூரில் ஒரு மரத்துக்கு இருக்கிற காவல் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியதும் இல்லாமல் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். மதிலை ஒட்டி இரண்டு மாமரம், ஒரு நாகலிங்க மரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பச் சத்தம் கேட்டது. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு போன் போட்டேன். போனை எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மரம் காம்பவுண்டுக்கு உள்ளயா, வெளியவா சார்?" என்று கேட்டார். உள்ளே என்றேன். "அப்ப நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. வெட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியும் கெட்டவர் இல்லை. அவரிடம் கேட்டால் "எஞ்சினியரைக் கேளுங்க" என்றார், எஞ்சினியரோ "ஓனரைக் கேளுங்க" என்றார். மாமரம் விறகுக் கடைக்குப் போனது. நாகலிங்க மரத்தின் அடிக்கட்டை மட்டும் ரொம்ப நாள் அங்கேயே கிடந்தது, யாருக்கும் வேண்டாம்.

டெல்லியின் அறுபது நாளைக் குறை சொன்னேன். சென்னையில் அந்த அறுபது நாளும் கிடையாது. மௌனமாக இருக்கக்கூட ஒரு அதிகாரி இல்லை.

இதற்கு நேர்மாறான இடம் சிங்கப்பூர். சாங்கியின் ஹால்டன் சாலையில் ஹோபியா சங்கால் என்ற அரிய வகை மரம் ஒன்று இருந்தது, 150 வயது இருக்கலாம் என்றார்கள். 2002இல் ஒரு நிறுவனம் அனுமதியில்லாமல் அதை வெட்டிவிட்டது. 8,000 வெள்ளி அபராதம், அதற்கு மேல் அரசாங்கத்துக்கு 76,000 வெள்ளிக்கு மேல் இழப்பீடு. இப்போதைய சட்டம் 2005இல் வந்தது, அபராதம் 50,000 வெள்ளி வரை போகும். ஒரு மரத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் அதன் வகை என்ன, மதிப்பு என்ன என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் நகரங்களில் எத்தனை மரங்களுக்கு அது தெரியும்?

நகரம் நல்ல விதி போட்டாலும் மேலே இருப்பவர்கள் விட வேண்டுமே. 2019இல் ஃபுளோரிடா மாநிலம் ஒரு சட்டம் கொண்டு வந்தது. குடியிருப்பு மனையில் நிற்கும் மரம் ஆபத்தானது என்று ஒரு ஆர்பரிஸ்ட், அதாவது மர நிபுணர், எழுதிக் கொடுத்துவிட்டால், எந்த நகரமும் விண்ணப்பமோ கட்டணமோ மாற்று மரமோ கேட்கக் கூடாது. ஊருக்கு ஊர் பல வருஷமாகச் சேர்த்து வைத்த மர விதிகளை ஒரு தாளில் கடந்து போகலாம் என்றாகிவிட்டது. கடைசியில் 2022இல் அதைத் திருத்தி, 'ஆபத்து' என்றால் என்ன என்று வரையறுக்க வேண்டியிருந்தது. டெக்சாஸிலும் இதே சண்டை. ஆஸ்டின் நகரத்தில் தன் வீட்டு பீக்கன் மரத்தை வெட்டப் போய் விதிகளிடம் மாட்டிக்கொண்ட கதையை ஆளுநர் கிரெக் அபாட்டே சொல்லி, 2017இல் கூட்டிய சிறப்புச் சட்டசபைக் கூட்டத்தின் பட்டியலில் நகர மர விதிகளை ஒடுக்குவதையும் சேர்த்தார். பெரிய ஆள்களுக்கும் மரத்தின் மேல் தனிப்பட்ட கோபம் வரும் போலிருக்கிறது.

என் சித்தப்பா மகனுக்கும் போன வருஷம் ஒரு மேப்பிளை எடுக்க வேண்டி வந்தது. வீட்டை நீட்டிக் கட்டுவதற்குத் தடையாக இருந்தது. விட்டம் முப்பதைத் தாண்டியிருந்தது. ஆர்பரிஸ்ட் வந்து அளந்து அறிக்கை கொடுத்தார். நகரத்துக்கு விண்ணப்பமும் கட்டணமும் போயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. ஆரோக்கியமான மரம் என்பதால் வீட்டு முன்னால் ஒரு அறிவிப்புப் பலகை வைக்கச் சொன்னார்கள். இந்த வீட்டில் இந்த மரத்தை வெட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, கருத்து இருந்தால் பதினான்கு நாளுக்குள் சொல்லுங்கள் என்று. அவனுக்கு ஒரே கூச்சம். "நடந்து போறவங்க எல்லாம் பலகையைப் படிச்சிட்டு என்னைப் பாக்குறாங்க அண்ணா, கொலைக்காரனைப் பாக்குற மாதிரி" என்றான். பக்கத்து வீட்டு சீன மூதாட்டி, அதுவரை அவனிடம் பேசியே இராதவர், மதிலோரம் வந்து அந்த மரம் எப்போது நட்டது என்று சொன்னாராம். எதிர் வீட்டுக்காரர் நகரத்துக்கு ஆட்சேபணை எழுதினார். கடைசியில் அனுமதி கிடைத்தது. கூடுதலாக மரங்கள் நட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வரைபடத்தை ஒரு மீட்டர் மாற்றியிருந்தால் மரம் தப்பியிருக்கும் என்று அவனே பிற்பாடு சொன்னான்.

மரம் தப்பவில்லை, சரி. ஆனால் அந்தப் பதினான்கு நாளும் தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. சென்னைக்குத் தனிச் சட்டம் எழுதும் நாள் வந்தால் சென்டிமீட்டரைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் முடிவு செய்துகொள்ளட்டும். எனக்கு இரண்டு வரி போதும். பதில் வராவிட்டால் அனுமதி இல்லை என்று ஒன்று. பலகை மதிலுக்கு வெளியே, தமிழில், படிக்கும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை வெட்டக் கூடாது என்பதையும் சேர்த்தால் சந்தோஷம்.